பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடு: தமிழ்நாட்டுப் பால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கொட்டகையில் எப்போதும் இரண்டு கறவை மாடு நிற்கும் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். இப்போது நகரத்தில் எல்லோரையும் போலக் காலையில் பாக்கெட் வாங்குகிறேன். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

நவீன பால் பண்ணை என்றால் ஆயிரம் மாடு நிற்கும் பெரிய கொட்டகைதானே?

அமெரிக்காவில் பெரும்பாலான பால் அப்படிப்பட்ட கொட்டகைகளிலிருந்துதான் வருகிறது. அவற்றில் பலவற்றில் மாடுகள் வரிசையாக வந்து ஒரு சுழலும் மேடையில் ஏறும், மேடை ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் கறவை முடிந்துவிடும். நெதர்லாந்தில் 1992-லேயே ரோபோ கறக்க ஆரம்பித்துவிட்டது. மாடு தனக்குத் தோன்றும்போது போய் நிற்கும், இயந்திரக் கை காம்பைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊரில் கதை வேறு. இங்கேயும் பெரிய பண்ணைகள் இருக்கின்றன, ஆனால் நீங்கள் குடிக்கும் பாலில் பெரும்பங்கு இரண்டு மாடு, நான்கு மாடு வைத்திருக்கும் வீடுகளிலிருந்துதான் வருகிறது. உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு 1998 முதல் இந்தியாதான். 2023-24-இல் சுமார் 23.9 கோடி டன். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு எருமைப்பால். இவ்வளவும் பெரும்பாலும் வீட்டுக் கொல்லையிலிருந்து வருகிறது என்பதை வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம்.

அப்படியானால் இதில் நவீனம் எங்கே இருக்கிறது?

பால் தூக்குவாளியை விட்டு வெளியேறும் இடத்தில். கறந்த பால் உடல் சூட்டோடு இருக்கும். நம் வெயிலில் அப்படியே விட்டால் அரை மணி நேரத்துக்கு ஒரு தரம் கிருமிகள் இரட்டிப்பாகும், நாலைந்து மணி நேரத்தில் காய்ச்சும்போது திரிந்துவிடும். அதனால் கறந்தவுடன் எவ்வளவு சீக்கிரம் 4 டிகிரிக்குக் குளிர வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊர்ச் சொசைட்டியில், அதாவது பால் கூட்டுறவுச் சங்கத்தில், ஊற்றும் பால், அங்கேயோ பக்கத்து ஊரிலோ இருக்கும் பெரிய குளிர்விப்புத் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து டேங்கர் லாரியில் மாவட்ட ஒன்றியத்தின் பால் பதப்படுத்தும் ஆலைக்கு.

ஊரில் சொசைட்டி, மாவட்டத்துக்கு ஒன்றியம், மாநிலத்துக்கு இணையம் (ஃபெடரேஷன்) என்ற இந்த மூன்றடுக்கு குஜராத்திலிருந்து வந்தது. கெய்ரா மாவட்டத்தில் 1946-இல் தொடங்கிய கூட்டுறவு ஒன்றியம்தான் பின்னாளில் அமுல் ஆனது. 1955-இல் அங்கே தலாயா என்ற பொறியாளர் எருமைப்பாலிலிருந்து பால் பவுடர் எடுத்துக் காட்டினார். அது முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1965-இல் தேசியப் பால்வள வாரியம், 1970-இல் வர்கீஸ் குரியன் தலைமையில் இந்த முறையை நாடெங்கும் பரப்பிய வெண்மைப் புரட்சித் திட்டம். தமிழ்நாட்டில் 1981-இல் கூட்டுறவு இணையம் அமைந்தது, ஆவின் அதன் விற்பனைப் பெயர். ஆவின் என்றாலே 'பசுவினுடைய' என்றுதான் பொருள். அந்தப் பெயரில் எருமைப்பாலும் கலந்து வருவதை எருமைகள் இன்னும் கவனிக்கவில்லை.

சொசைட்டியில் பாலுக்கு எப்படி விலை போடுகிறார்கள்?

லிட்டர் கணக்கு பாதிதான். மீதிப் பாதி பாலின் கொழுப்பும், கொழுப்பில்லாத திடப்பொருளும். இந்த இரண்டாவதில் புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள் எல்லாம் அடக்கம். ஊரில் இதை 'எஸ்.என்.எஃப்.' என்றே சொல்வார்கள். 'டிகிரி கம்மி' என்று யாராவது முகம் வாடி வந்தால் லாக்டோமீட்டர் காட்டிய எண்ணைச் சொல்கிறார் என்று அர்த்தம்.

லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியைக் காட்டும் மிதவை. தண்ணீர் கலந்தால் எண் இறங்கும். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால், பாலிலிருந்து கொழுப்பை எடுத்துவிட்டால் எண் ஏறும். ஆக, மேலே இருக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு அதற்கு ஏற்பத் தண்ணீரும் ஊற்றினால் லாக்டோமீட்டர் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். அதனால்தான் கொழுப்பைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய முறை கெர்பர் முறை. ஒரு கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊற்றி வேகமாகச் சுற்றினால், கொழுப்பு மட்டும் பிரிந்து குழாயின் கழுத்தில் நிற்கும். அளவுகோட்டைப் பார்த்துப் படிக்க வேண்டியதுதான். இப்போது பல சொசைட்டிகளில் மீயொலி இயந்திரம் வந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் இரண்டு எண்ணும் திரையில் தெரியும், சீட்டும் கையில் வரும். இயந்திரம் வந்ததில் எனக்குப் பிடித்த விஷயம் வேகம் இல்லை. முன்பு எண் என்னவென்று எழுதுகிறவருக்கு மட்டும்தான் தெரியும், இப்போது ஊற்றுகிறவர் கண்ணுக்கும் தெரிகிறது.

ஒரு சின்னத் தகவல், மாடு வைத்திருப்பவர்களுக்கு: கறவையின் முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் வரும் பாலில்தான் அதிகம். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு, 'என் மாட்டுப் பாலில் கொழுப்பே ஏறவில்லை' என்று இயந்திரத்தைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கன்றுக்கு முதலில் விடுங்கள், கடைசியில் ஒட்டக் கறந்துவிடுங்கள்.

மாடு எப்போதும் பால் கொடுத்துக்கொண்டே இருக்குமா?

நகரத்து நண்பர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். கொஞ்சம் கூச்சத்தோடு கேட்பார்கள். கன்று போட்டால்தான் பால். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள், எருமைக்கு 310 நாள் வரை போகும். ஈன்றதும் முதல் சில நாள் வருவது சீம்பால். அது கன்றுக்கு உரியது. பிறக்கும் கன்றின் உடலில் நோய் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட இல்லவே இல்லை, சீம்பால் வழியாகத்தான் அது வந்து சேர வேண்டும். அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும் என்பது கணக்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விட வேண்டும் என்று பல வீடுகளில் இன்னும் காத்திருக்கிறார்கள். அது தவறு. கன்று ஊட்டினால் நஞ்சுக்கொடியும் சீக்கிரம் விழும்.

ஈன்று ஒன்று, ஒன்றரை மாதத்தில் கறவை உச்சத்துக்குப் போகும், அப்புறம் மெல்ல இறங்கும். சுமார் 305 நாள் கறந்து, அடுத்த கன்றுக்கு முன்னால் இரண்டு மாதம் பாலை வற்ற விடுவார்கள். மடிக்கு ஓய்வு, வயிற்றில் இருக்கும் கன்றுக்குச் சத்து. இந்த இரண்டு மாதமும் விட்டுவிடாமல் கறப்பவர்கள் அடுத்த ஈத்தில் அதைவிட அதிகமாக இழப்பார்கள்.

வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்று மூன்று மாதத்துக்குள் மாடு மறுபடி சினை பிடித்திருக்க வேண்டும். பால் தொழிலின் லாப நஷ்டம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. மாடு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், அப்போது கத்தும், அந்த அறிகுறி ஒரு நாள்கூட நீடிக்காது. ராத்திரி கத்தியது காதில் விழாமல் போனால் இன்னும் 21 நாள் தீவனச் செலவு. ஒரு லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏறுமா என்று காத்திருப்பதைவிட, மாடு எப்போது கத்துகிறது என்று காது கொடுப்பதில் அதிகப் பணம் இருக்கிறது என்று எங்கள் அம்மா சொல்வார்.

'சினை ஊசி' என்றால் என்ன? காளையே இல்லையா?

காளை இருக்கிறது, ஆனால் எங்கோ ஒரு அரசு நிலையத்தில். அதன் விந்தைச் சிறு உறிஞ்சுகுழல் போன்ற குச்சியில் அடைத்து, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் வைத்திருப்பார்கள். மருத்துவர் வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போல வைத்து உருக்கி, கருப்பையின் வாயில் செலுத்துவார். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். இப்போது பாலினம் பிரித்த விந்தும் கிடைக்கிறது. அதில் பத்துக்கு ஒன்பது கிடேரிக் கன்று, அதாவது பெண் கன்று.

காளைக்கன்று பிறந்தால் என்ன ஆகும்?

நேராகவே சொல்கிறேன். ஜெர்சிக் கலப்பினக் காளைக்கன்றுக்குத் திமில் சரியாக இருக்காது, வெயிலும் தாங்காது, உழவுக்கும் வண்டிக்கும் ஆகாது. ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும் உழவுக்குத்தான் டிராக்டர் வந்துவிட்டதே. அதனால் பெரும்பாலானவை சின்ன வயதிலேயே சந்தைக்குப் போகின்றன, அங்கிருந்து இறைச்சிக்கு. பால் குடிக்கும் யாரும் இதிலிருந்து முழுதாக விலகி நிற்க முடியாது. பாலினம் பிரித்த விந்துக்கு அரசு மானியம் கொடுப்பதற்கு ஒரு காரணம் இதுவும்தான்.

ஒரு மாடு தினமும் என்ன சாப்பிடும்?

வயிறு நிறையப் பசுந்தீவனமும் வைக்கோலும், மேலே அளந்து அடர்தீவனம் (தானியம், தவிடு, புண்ணாக்குக் கலவை). அடர்தீவனத்துக்கு ஊரில் எளிய கணக்கு உண்டு: உடம்பைத் தாங்க ஒன்றரை கிலோ, அதன் மேல் பசுவுக்கு லிட்டருக்கு 400 கிராம், எருமைக்கு லிட்டருக்கு அரை கிலோ. 10 லிட்டர் கறக்கும் பசு என்றால் ஐந்தரை கிலோ. ஒரு நாள் தீவனச் செலவையும் ஒரு நாள் பால் பணத்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், மாடு வைத்திருப்பவர்கள் ஏன் எப்போதும் தீவன விலையைப் பற்றியே பேசுகிறார்கள் என்று புரியும்.

இதைக் குறைக்க இருக்கும் ஒரே நல்ல வழி பசுந்தீவனம். கோ-4, கோ-5 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்தது. ஒரு முறை நட்டால் 45 நாளுக்கு ஒரு முறை அறுத்துக்கொண்டே இருக்கலாம். புல் மட்டும் போதாது, புரதத்துக்கு வேலிமசால், அகத்தி, அசோலா ஏதாவது சேர வேண்டும். கோடைக்கு மக்காச்சோளத்தைத் தண்டோடு நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கி, ஊறுகாய்ப்புல்லாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான், மாடு அதைக் குடித்துத்தானே ஆக வேண்டும்?

கறவை இயந்திரம் மாட்டுக்கு வலிக்காதா?

சரியாகப் போட்டால் வலிக்காது. அது விடாமல் இழுப்பதில்லை. நிமிடத்துக்கு அறுபது முறை போல உறிஞ்சி விட்டு, உறிஞ்சி விட்டு, கன்று ஊட்டுவதைத்தான் காப்பியடிக்கிறது. உண்மையில் நம்மில் பலர் கட்டைவிரலை மடக்கிக் கறக்கிறோமே, அதுதான் காம்பைப் புண்ணாக்கும். பால் முடிந்த பிறகும் இயந்திரத்தை மாட்டி வைத்திருந்தால் மட்டும் பிரச்சினை.

பால் சுரக்க ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்கிறார்களே?

போடுபவர்கள் இருக்கிறார்கள். அது ஆக்சிடோசின். மடியைக் கழுவித் தடவினால் மாட்டின் உடலே அதைச் சுரக்கும், ஐந்தாறு நிமிடம் வேலை செய்யும், அதற்குள் கறந்துவிட வேண்டும். மாடு பயந்தாலோ கன்று செத்துப்போனாலோ சுரக்காது. அப்போது ஊசியைத் தேடிப் போகிறார்கள். குடிப்பவருக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை, அது ஒரு சிறு புரதம், வயிற்றில் செரித்துவிடும். பாவம் மாடுதான். தினமும் போட்டால் ஊசி இல்லாமல் சுரக்காத பழக்கம் வந்துவிடும்.

ஆன்டிபயாட்டிக் பாலில் வருமா?

வரும். அதற்கு முக்கியக் காரணம் மடிநோய். கறந்த பிறகு காம்பின் துளை மூட அரை மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைத்து, முன்னால் கொஞ்சம் தீவனம் போட்டு நிற்க வைத்தால் பாதி மடிநோய் வராது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நாட்டு மருந்தும் உண்டு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவுவது. கால்நடைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கும் முறை இது.

முற்றிவிட்டால் ஆன்டிபயாட்டிக்தான். அதைப் போட்டால் மருந்துப் பெட்டியில் சொல்லியிருக்கும் நாள்வரை பாலைக் கொட்ட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு முறை மூன்று நாள் பாலை வாழைக்கு ஊற்றினோம். நான்காம் நாள் காலையில் சொசைட்டியில் ஊற்றலாமா கூடாதா என்று அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எல்லா வீட்டிலும் அந்தச் சண்டை நடக்கும் என்று நான் நம்பவில்லை.

நாம் குடிக்கும் பாலில் கலப்படம் அதிகமா?

வாட்ஸ்அப் சொல்லும் அளவுக்கு இல்லை. பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 மாதிரிகளைச் சோதித்தது. யூரியா, சோப்புத்தூள் வகையறா கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. அது அதிகமாகக் கிடைத்த மூன்று இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. மற்றவை டெல்லியும் கேரளமும்.

இதை யாரும் பாலில் ஊற்றுவதில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை இவற்றை மாடு தின்றால் ஓரிரு நாளில் பாலில் வந்து நிற்கும். காய்ச்சினாலும் போகாது. 'மனுஷனுக்கு ஆகாது, மாட்டுக்குப் போடு' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பழக்கத்தில் வரும் நச்சு இது. தீவன மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைப்பதும், கட்டிக்கட்டியாக இருப்பதைக் கொட்டிவிடுவதும்தான் இதற்கு மருந்து. இந்த எண்ணைப் பற்றி நம் ஊர்ப் பத்திரிகைகள் இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

பச்சை, நீலம், ஆரஞ்சு பாக்கெட்டில் என்ன வித்தியாசம்?

ஒரே பால், கொழுப்பை எவ்வளவு விட்டு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். ஆவினில் நீலம் சமன்படுத்தியது, 3 சதவீதக் கொழுப்பு. பச்சை நிலைப்படுத்தியது, 4.5. ஆரஞ்சு நிறைகொழுப்பு, 6. 2023-இல் 3.5 சதவீதத்தில் ஊதா நிற டிலைட் வந்தது. மற்ற கம்பெனிகளின் நிறம் வேறாக இருக்கலாம், அச்சடித்த எண்ணைப் பாருங்கள். டிகிரி காபி வேண்டுமென்றால் ஆரஞ்சு. தினசரிக்கு நீலம் தாராளம்.

பால் பவுடர் கலக்கிறார்களாமே?

ஆமாம், ரகசியம் ஒன்றும் இல்லை. பசுந்தீவனம் செழித்திருக்கும் மாதங்களில் பால் வழியும், கோடையில் வற்றும். ஆனால் உங்கள் வீட்டில் காபி பன்னிரண்டு மாதமும் ஒரே அளவுதான். பால் வழியும் மாதங்களில் பவுடராகவும் வெண்ணெயாகவும் எடுத்து வைத்து, கோடையில் கொஞ்சம் கரைத்துச் சேர்க்கிறார்கள். சமன்படுத்திய பால் என்பதே பம்பாயில் 1940-களில், கொழுப்பு அதிகமான எருமைப்பாலில் பவுடரையும் தண்ணீரையும் சேர்த்து நிறையப் பேருக்கு மலிவாகக் கொடுக்கப் பிறந்த யோசனை.

ஏ2 பால் நிஜமாகவே நல்லதா?

பாலில் உள்ள ஒரு புரதச் சங்கிலியில் 67-ஆவது இடத்தில் எந்த அமினோ அமிலம் நிற்கிறது என்பதுதான் ஏ1, ஏ2 வித்தியாசம். நம் காங்கேயம், உம்பளாச்சேரி போன்ற நாட்டு மாடுகளிலும் எருமையிலும் பெரும்பாலும் ஏ2தான். அந்த ஓரெழுத்துக்கு இரட்டை விலை கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பது என் எண்ணம். 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட்டில் இந்த எழுத்தைப் போடக் கூடாது என்று சொன்னது, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றும்விட்டது. நாட்டு மாடு காக்கப்பட வேண்டும் என்பதற்காக வாங்கினால் வாங்குங்கள், அது நல்ல காரணம்.

பாக்கெட் பாலைக் காய்ச்ச வேண்டுமா? ஆடை ஏன் முன்பு மாதிரி வருவதில்லை?

ஆலையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி, உடனே 4 டிகிரிக்குக் குளிர வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்தக் குளிர்ச்சி உங்கள் வீடு வரை அப்படியே வந்திருந்தால் காய்ச்சாமலே குடிக்கலாம். காலை ஏழரை மணிக்கு, கடை வாசலில் பிளாஸ்டிக் டப்பில் கிடக்கும் பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காய்ச்சிவிடுங்கள். நான் எப்படியும் காய்ச்சிவிடுவேன், காபிக்கு வேறு வழி?

ஆடை குறைவதற்கு இரண்டு காரணம். நீலப் பாக்கெட்டில் கொழுப்பே குறைவு. சில வகைப் பாலில் கொழுப்புத் துளிகளை மிக நுண்ணிய இடுக்கு வழியாக அழுத்திப் பொடிப்பொடியாக்கிவிடுவார்கள், அவை மேலே மிதந்து வராது. பாலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆடை வேண்டுமென்றால் ஆரஞ்சு பாக்கெட்டைச் சிறுதீயில் காய்ச்சி, மூடாமல் ஆறவிட்டு, ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள்.